அறுபது பாயிண்ட்

கல்யாணமாகி வந்த எட்டு மாதமும் வெண்ணிலாவை யாரும் கொல்லை வேலைக்கு அனுப்பவில்லை. கோலியனூருக்குத் தெற்கே இரண்டு மைல் தள்ளியிருக்கும் அந்த ஊரில் இது நடக்காத காரியம். தாலி ஏறிய மூன்றாம் நாளே மருமகள்கள் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் நடப்பார்கள். அவளுடைய மாமியார் விசாலாட்சியோ காலையில் பாலைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றி மாடியறைக்கே எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ படி பொண்ணே. இங்க கெடக்கிற வேலைய நான் பாத்துக்கறேன். உனுக்கு ஒரே வேல, படிக்கறதுதான்."

அது 2008ஆம் வருஷம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட் வந்தால் மாமனார் தாண்டவராயன் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அப்படிப்பட்ட வீட்டில் மருமகள் படிக்கிற அறைக்கு மட்டும் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் அதைப் பேசிப் பேசி மாய்ந்தார்கள்.

வெண்ணிலா வல்லம் பக்கம். அப்பா நடராசனுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. கவுன்சிலிங்கில் கிடைத்த பி.பார்ம். இடத்தில் படித்து முதல் வகுப்பில் தேறியவள். மேலே படிக்க வேண்டும் என்று கேட்டபோது, "இதுக்கு மேல என்னால முடியாது" என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு வருஷம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணையன் என்பவரின் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தாள். அங்கேதான் லூர்துமேரியைப் பார்த்தாள். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிறவள். மாதம் ஒரு தடவை வந்து இன்சுலின் வாங்குவாள். வேளை தவறாமல் ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர், "ஒழுங்கா ஊசி போடறதில்ல, பொய் சொல்ற" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினாராம். கடை வாசலில் நின்று அழுதாள். சித்திரை வெயிலில், மஞ்சள் பையில் மருந்தை வைத்து, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், ஓட்டு வீட்டில் அலமாரி மேல் வைக்கிறாள் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது. அவள் போட்டுக்கொண்டது மருந்தே இல்லை. வெந்து செத்த தண்ணீர். வெயிலில் கெடாமல் மருந்தைக் காப்பாற்ற என்ன வழி என்ற கேள்வி அன்றைக்கு வெண்ணிலாவின் மண்டைக்குள் போனது. பிறகு வெளியே வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் தாண்டவராயன் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள். ஒரே மகன் அரிபிரசாத். இன்ஜினியரிங் சேர்ந்து, அரியரை எல்லாம் முடித்து வெளியே வர ஆறு வருஷம் ஆனவன். லண்டனுக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒருமுறை விண்ணப்பித்து, பேங்க் பேப்பர் சரியில்லை என்று விசா திரும்பிவிட்டது. இதெல்லாம் நடராசனுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு அவர் கேட்டது விசாலாட்சியின் பேச்சை மட்டும்தான்.

"நகை நட்டுன்னு நாங்க வாயத் தொறந்து கேக்கல அண்ணா. பொண்ணு நல்லா படிக்கும், இங்கிலீஷு நல்லா பேசும்னு சொன்னாங்க. மேல படிக்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பி நாங்க படிக்க வெக்கிறோம். எம் புள்ளயும் தொணைக்குப் போவான்."

நடராசன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறைக்குள் நின்ற வெண்ணிலாவுக்கும் கண் நிறைந்தது. மாப்பிள்ளையை அவள் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழரை பேண்டு வாங்கினாள். விசாலாட்சி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தாள். எதிர்வீடு தாண்டவராயனின் அண்ணன் வீடு. அந்த வீட்டுப் பையன் மெல்போர்னுக்குப் படிக்கப் போய் அங்கேயே குடியுரிமை வாங்கித் தங்கிவிட்டவன். அந்த வாசலில் நின்று விசாலாட்சி சத்தமாகச் சொன்னாள்: "எம் புள்ளயும் ஆஸ்திரேலியா போறான்க்கா."

தேர்வு எழுதியது யார் என்று வெண்ணிலாவுக்கு ஒரு கணம் தோன்றியது. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

அவளே உட்கார்ந்து விண்ணப்பக் கடிதம் எழுதினாள். லூர்துமேரியைப் பற்றி, மஞ்சள் பையைப் பற்றி, திண்டிவனத்து வெயிலைப் பற்றி. தை மாதம் ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலிருந்து மருந்தியல் முதுகலைக்கு இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தை அனுப்பிய விழுப்புரத்து கன்சல்டன்சியில் அச்செடுத்துக் கொடுத்த அந்தத் தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மாசிக் கடைசியில் அந்தக் கன்சல்டன்சியிலிருந்து கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. சுவர் முழுக்க பட்டமளிப்புத் தொப்பி போட்ட பிள்ளைகளின் படம். அதன் முதலாளி பார்த்திபன் அந்தப் புழுக்கத்திலும் டை கட்டியிருந்தார். கோப்பை வெண்ணிலா முன்னால் தள்ளி, பென்சிலால் இன்ட்டு போட்ட இடங்களைக் காட்டினார்.

வெண்ணிலா முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவதைப் புரட்டினாள்.

"சார், இது என் ஃபைல் இல்ல. மாறிப் போச்சு."

"உங்களுதுதான் மேடம்."

"அக்கவுண்டிங்னு போட்டிருக்கு."

"ஆமா. மாஸ்டர் ஆஃப் புரொஃபஷனல் அக்கவுண்டிங். ரெண்டு வருஷம்."

"நான் பி.பார்ம் சார்."

"அதனால இன்னா மேடம்? எம்.பி.பி.எஸ். படிச்சவங்களே இந்தக் கோர்ஸ எடுத்துக்கினு போறாங்க. அங்கயே தங்கிக்கிறதுக்குக் குடுக்கிற பி.ஆர். லிஸ்ட்டுல இதுக்கு அறுபது பாயிண்ட்டு. உங்க மருந்து ஆராய்ச்சி அந்த லிஸ்ட்டுலயே இல்ல. அத படிச்சா ரெண்டு வருஷத்துல பொட்டியக் கட்டிக்கினு திரும்பி வர வேண்டியதுதான்."

"திரும்பி வர்றதுக்குத்தானே சார் படிக்கிறேன்."

பார்த்திபன் சிரித்துவிட்டார். நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் போலத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அரிபிரசாத் சிரிக்கவில்லை. நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனுக்கு வந்த ஆஃபர் லெட்டர் எங்க?"

"அத டிக்ளைன் பண்ணியாச்சே."

"யாரு பண்ணது?"

"உங்க மெயில்லருந்துதான் போச்சு மேடம்." பார்த்திபன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். விண்ணப்ப வேலைக்கு என்று அவளுடைய மின்னஞ்சலின் பாஸ்வேர்டு அவர்களிடம்தான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. குடும்பக் காரணங்களால் இந்த இடத்தை ஏற்க முடியவில்லை என்று அவள் பெயரில் எழுதியிருந்தது. அதன் கீழே அந்தப் பேராசிரியரின் பதில். மிகவும் வருந்துகிறேன், உங்கள் உப்பளத்துப் பெண்ணைப் பற்றி வகுப்பில்கூடச் சொன்னேன், எங்கே இருந்தாலும் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். யாரோ திறந்து, படித்து, அப்படியே மூடி வைத்த கடிதம்.

வெண்ணிலா அதை இரண்டு முறை படித்தாள். காது மடல் சுட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அரிபிரசாத்தைக் கேட்டாள்.

"அம்மாதான்... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் வெண்ணிலா."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

கோப்பில் இன்னும் இருந்தது. சிறுவயது முதலே கணக்கில் ஆர்வம் என்று அவள் சொல்வதாக ஒரு கடிதம். மாமனாரின் அரிசி ஆலையில் இரண்டு வருஷம் கணக்கு எழுதியதாக ஒரு சான்றிதழ், முத்திரையோடு. தாண்டவராயனிடம் ஒரு கிணறு இருந்தது, ஏழரை ஹெச்பி மோட்டார் இருந்தது, இரண்டு மாடு இருந்தது. அரிசி ஆலை இல்லை.

கையெழுத்துப் போடாமல் எழுந்து படியிறங்கினாள். டவுன் பஸ்ஸில் அரிபிரசாத் அடுத்த சீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தான். அங்கே போய்விட்டால் பிறகு எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்றான். எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்றான். அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை.

வீட்டில் விசாலாட்சி கேப்பைக் கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பார்த்திபனின் போன் முந்தி வந்திருந்தது. கையைக்கூடக் கழுவாமல் கேட்டாள்.

"எந்தப் படிப்பா இருந்தா இன்னா? பாஸ் பண்ற புத்தி உனுக்கு இருக்குது. பண்ணிட்டுப் போ."

"என்னக் கேட்டீங்களா அத்த? எனுக்கு வந்த லெட்டரு. வேணாம்னு சொல்றதுக்கு நீங்க யாரு?"

"யாரா? பாலு காச்சிக் குடுத்தவ. இன்வெட்டரு வாங்கி வெச்சவ. உங்கப்பன் ஊட்ல உனுக்கு யாரு வெச்சா?"

"படிக்க வெக்கிறேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தீங்க."

"இப்ப இன்னா, மாடு மேய்க்கவா சொல்றோம்? படின்னுதான் சொல்றோம்." விசாலாட்சி மாவுக் கையை நீட்டிக் காட்டினாள். மல்லாட்டைக் கடலைச் செடி பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனியெல்லாம் வெடித்துக் காய்த்திருந்தது. "இருவத்தஞ்சு வருசம் இந்தக் கொல்லையில குனிஞ்சேன்டி. குனிஞ்ச முதுகு நிமிரல. எம் புள்ள குனியக் கூடாது. அவ்ளோதான் எனுக்கு வேணும்."

"அதுக்கு நான் குனியணுமா?"

தாண்டவராயன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். ஒரு சொல் அதட்டிப் பேச மாட்டார். அன்றைக்கும் பேசவில்லை.

மறுநாள் நடராசனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மதிய வெயிலில், இரண்டு பஸ் மாறி வந்தார். கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டு, வெற்றிலை கொடுத்து, அப்புறம்தான் பேசினார்கள். மகளைத் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார் அவர்.

"அப்பா, நான் சொல்றத மொதல்ல கேளுங்க."

"எல்லாம் கேட்டேம்மா. சம்மந்திம்மா சொன்னாங்க."

"அவங்க சொன்னத கேட்டீங்க. நான் சொல்றத கேளுங்க. எனுக்கு எடம் கெடச்சிது. என்னக் கேக்காம வேணாம்னு எழுதிட்டாங்க. என் பேர்ல பொய்யா கடுதாசி..."

"எந்தப் படிப்பா இருந்தா இன்னாம்மா. வெளிநாட்டுல எம்.எஸ்., எம்.ஏ. இன்னாவோ ஒண்ணு. நம்ம ஊர்ல யாரு போயிருக்கா? நீ மாட்டேன்னு நின்னா நாளைக்கி தமிழ்மொழிய எவன் கேட்டு வருவான்? கையெழுத்துதான? போட்டுட்டுப் போவியா..." வெண்ணிலாவின் தங்கை பெயரைச் சொன்னதும் அவர் குரல் தழுதழுத்தது.

பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் விசாலாட்சி மேலும் பார்த்திபன் மேலும் வரும் கோபத்தைவிடத் தன் கை மேல் வந்த கோபம்தான் அவளை அரித்தது.

பார்த்திபன் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். தூதரகத்திலிருந்து போன் வந்தால் கேட்பார்கள் என்று இருபது கேள்வி, இருபது பதில். மாலையில் அரிபிரசாத் கேள்வி கேட்பான், அவள் ஒப்பிப்பாள். ஏன் கணக்கியல்? சிறுவயது முதலே. அரிசி ஆலையில் என்ன வேலை? வரவு செலவு எழுதினேன். படிப்பு முடிந்து என்ன செய்வீர்கள்? தாய்நாடு திரும்புவேன். இந்த ஒன்றுதான் அவளுக்கு உண்மை. மற்றவர்களுக்கு அது ஒன்றுதான் பொய்.

பங்குனியில் மல்லாட்டை முற்றிவிட்டது. மண் இறுகிக் கிடந்ததால் விடியற்காலைக் கரண்டில் தண்ணீர் பாய்ச்சி, ஈரம் காய்வதற்குள் பிடுங்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் நூறுநாள் வேலைக்கு ஏரிக்குப் போய்விட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை. சவுரியம்மாள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அறுபது வயதிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக விசாலாட்சி, "நீயும் வா பொண்ணே, ஆளே இல்ல" என்று மருமகளைக் கூப்பிட்டாள். வெண்ணிலாவுக்கு அது பிடித்திருந்தது. செடியைக் கொத்தோடு பிடித்து இழுத்து, மண்ணை உதறி, காயை ஆய்ந்து கூடையில் போட்டாள். பச்சைக் காயின் வாசனை கையெல்லாம் ஏறியது.

"படிச்ச கையி மாதிரி இல்லியே. எங்களுக்கு மேல ஆயுது" என்றாள் சவுரியம்மாள்.

"எங்கப்பா கொல்லையில நான்தான் ஆய்வேன் ஆயா."

பதினோரு மணி இருக்கும். அரிபிரசாத் பைக்கை வரப்பு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தான். கையில் செல்போன்.

"டெல்லி! டெல்லிலருந்து! ஜல்தி வா. அஞ்சு நிமிஷத்துல திரும்பிப் பண்றாங்களாம்."

புங்க மர நிழலில் தாண்டவராயன் உட்பட எல்லாரும் கூடினார்கள். சவுரியம்மாளின் ஆட்கள்கூட ஆய்வதை நிறுத்திவிட்டார்கள். விசாலாட்சி முந்தானையால் வெண்ணிலாவின் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டாள், போனில் முகம் தெரியும் என்பதுபோல. மணி அடித்தது. அரிபிரசாத் ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன்னால் நீட்டினான்.

ஒரு பெண்ணின் குரல். அவசரமில்லாத, மரியாதையான ஆங்கிலம். பெயர், பிறந்த தேதி, கணவர் பெயர். வெண்ணிலா சொன்னாள். ஏன் கணக்கியல் என்று கேட்டபோது, ஒப்பித்த பதிலைச் சொன்னாள். அந்தக் குரல் சற்று நின்றது.

"நீங்கள் மருந்தியல் படித்திருக்கிறீர்கள். அதில் உங்களுக்குப் பிடித்தது எது?"

இருபது கேள்வியில் இது இல்லை. அரிபிரசாத் அவள் முகத்தைப் பார்த்தான்.

வெண்ணிலா பேச ஆரம்பித்தாள். வெயிலில் இன்சுலின் என்ன ஆகிறது என்று சொன்னாள். லூர்துமேரியைச் சொன்னாள். மண்பானைக்குள் மணலும் தண்ணீரும் வைத்து அதில் மருந்தை இறக்கி, எத்தனை டிகிரி குறைகிறது என்று கடையில் இருபது நாள் பார்த்து எழுதி வைத்ததைச் சொன்னாள். குரல் உயர்ந்தது. கை தானாக ஆடியது. அந்தப் பக்கத்துப் பெண்ணும் ஆர்வமாக இரண்டு கேள்வி கேட்டாள். ஒரு சொல்லும் புரியாத விசாலாட்சி முகம் மலர்ந்து, "எப்பிடிப் பேசுது பாரு!" என்று சவுரியம்மாளிடம் கிசுகிசுத்தாள். அரிபிரசாத்தின் முகம் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது.

"இவ்வளவு விருப்பம் இருக்கும்போது ஏன் அதை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போகிறீர்கள்?"

வெண்ணிலா போனைப் பார்த்தாள். மண் ஒட்டிய தன் விரல்களைப் பார்த்தாள்.

"நான் விடவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு வேறு இடம் கிடைத்திருந்தது. என்னைக் கேட்காமல் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். கணக்கியல் படிக்க எனக்கு விருப்பமில்லை. அரிசி ஆலை என்று ஒன்று கிடையாது. அந்தக் கடிதம் பொய். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. இந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

அரிபிரசாத் போனைப் பிடுங்கி அணைத்தான்.

"இன்னாடா? இன்னா சொன்னா?" என்றாள் விசாலாட்சி.

"எல்லாத்தயும் சொல்லிட்டாம்மா. வேணாம்னுட்டா."

விசாலாட்சி காய்க் கூடையை எடுத்து வீசினாள். மல்லாட்டை நாலாபுறமும் சிதறியது. "பாலு ஊத்தி வளத்தனே! பாம்ப வளத்தனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அரிபிரசாத் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். சவுரியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நடுவில் நின்றாள்.

"அடிக்காத அய்யா. வேல செய்ற எடம் இது. எங்க கண்ணெதிர்ல அடிக்காத."

"நீ போ ஆயா" என்றாள் வெண்ணிலா. "அடிக்கட்டும். இதான் பாக்கி. உங்களுக்குப் போவணும்னா நீங்க படிச்சிக்கினு போங்க. உங்களுக்குப் பரீட்ச எழுத முடியல, என்ன எழுத வெச்சீங்க. உங்க பேப்பர் செல்லல, என் பேப்பர எடுத்துக்கினீங்க. பொண்டாட்டி வேணும்னா வந்தீங்க? ஏழரை பேண்டு வேணும்னு வந்தீங்க. நான் எட்டு மாசமா உங்க ஊட்டு மருமவள்னு நெனச்சிக்கினு இருந்தேன். கசாப்புக்கு வளக்கிற ஆட்டுக்குக் கூடத் தழ வாங்கிப் போடுவாங்க அத்த, அத பாசம்னு சொல்லிக்கினு வராதீங்க."

தாண்டவராயன் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க பேர்ல அரிசி மில்லு இருக்குதாம். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரியும் என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்குப் போகவில்லை. வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்து, விழுப்புரம் பஸ் ஏறினாள். கையிலும் புடவையிலும் மண்ணோடு கன்சல்டன்சி மாடிப்படி ஏறினாள். அவளுடைய பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாம் அங்கே இருந்தன. அரிபிரசாத் முன்னாலேயே போன் செய்துவிட்டிருந்தான். பார்த்திபன் எழுந்து நின்று கத்தினார்.

"என் பிசினஸ்ஸயே நாசம் பண்ணிட்டியே! ஒரிஜினல் எல்லாம் தர முடியாது. உங்க வீட்டுக்காரர் வரட்டும்."

"அரிசி மில்லு சீலு எந்தக் கடையில செஞ்சது சார்? இங்கருந்து டி.எஸ்.பி. ஆபீஸ் நடக்குற தூரம்தான். போவட்டுமா?"

வரவேற்பறையில் காத்திருந்த நாலைந்து பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை. பார்த்திபன் பீரோவைத் திறந்தார். ஒவ்வொரு தாளாக எண்ணிச் சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். அன்று மாலையே திண்டிவனம் போனாள். கண்ணையன் அவள் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "கைய கழுவிட்டு வாம்மா, கூட்டமா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

நடராசன் ஒரு வருஷம் மகளோடு பேசவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் தங்கி, கடையில் நின்று, இரவில் படித்தாள். எம்.பார்ம். நுழைவுத் தேர்வில் முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது, 2011ஆம் வருஷம் வைகாசியில், அரிபிரசாத் கடை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். கோலியனூர் கூட்ரோட்டில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். கையில் வக்கீல் தயாரித்த தாள்.

"ரெண்டு பேரும் சம்மதிச்சிப் பிரியறதா மனு. நீ கையெழுத்து போட்டா முடிஞ்சிடும்."

"போடறேன். இன்னா அவசரம்?"

அவன் தாளை நீட்டியபடி ரோட்டைப் பார்த்தான்.

"பொண்ணு பாத்தாச்சா?"

"மயிலம் பக்கம். ஷாலினின்னு பேரு. அவங்க அப்பா ஸ்கூல்ல கிளார்க்கு. எம்.சி.ஏ."

"எத்தினி பேண்டு?"

தலையைத் தூக்கினான். "ஏழு" என்றான். பிறகு, "இப்ப ஆஸ்திரேலியாவுல ரூல்ஸ மாத்திட்டான். லண்டன்" என்றான்.

வெண்ணிலா கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தாள். "அங்க போய் இன்னா பண்ணணும்னு உங்களுக்கு ஆச? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "போவணும்" என்றான். "எங்கம்மா அந்த எதிர்வூட்டப் பாத்துக்கினே இருக்குது வெண்ணிலா. தெனம் பாத்துக்கினே இருக்குது. போயிட்டா போதும்."

ஒரு நிமிஷம் அவன் மேல் பரிதாபம் வந்தது. வந்த பரிதாபத்தை வெறுத்தாள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் தருகிறேன் என்று அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மயிலம் பஸ் ஏறினாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ. விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஷாலினி வாசல் பக்கத்துக் கொட்டகையில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், மூக்குக் கண்ணாடி. யார் என்று தெரிந்ததும் மாவு அச்சைக் கீழே வைத்தாள்.

வெண்ணிலா எல்லாவற்றையும் சொன்னாள். ஷாலினி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தெரியும்க்கா" என்றாள் கடைசியில். "நீங்க போன்ல சொன்னதயும் அவங்களே சொன்னாங்க. நீங்க பைத்தியம்னு சொன்னாங்க."

"தெரிஞ்சே ஒத்துக்கினியா?"

"இங்க எனுக்கு இன்னா இருக்குது? டேட்டா என்ட்ரியா? எப்பிடியாவது போயிட்டா நான் என் வழியப் பாத்துக்குவேன். அவங்க என்ன யூஸ் பண்ணிக்கினா நானும் அவங்கள யூஸ் பண்ணிக்கறேன்."

"சரி. இன்னா படிக்கப் போற?"

ஷாலினி மாவு அச்சை மறுபடி கையில் எடுத்தாள்.

"உனுக்கே தெரியல இல்ல? எனுக்குத் தெரிஞ்சிருந்துது. அப்பிடியும் மாத்துனாங்க. நீ யூஸ் பண்ணிக்கப் போறியா?" வெண்ணிலா எழுந்துவிட்டாள். "போ. நல்லா போ. நான் எதுக்கு வெயில்ல வந்தேனோ."

ரோட்டுக்கு வந்து புளியமரத்தடியில் நின்றாள். ஆட்டோ எதுவும் வரவில்லை. கோபத்தில் கண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது. தன்னைப் பைத்தியம் என்றதற்காக அல்ல. அந்தப் பெண் சொன்ன 'எப்படியாவது' என்ற ஒரு சொல்லுக்காக. இந்த ஜில்லாவில் படித்த பெண்ணுக்கு அதைத் தவிர வேறு சொல் கிடைக்காதா என்று ஆத்திரமாக வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். ஷாலினி ஓடி வந்தாள். கையில் இன்னும் வடக மாவு.

"அக்கா, போயிடாதீங்க." மூச்சு வாங்கியது. "நான் போன வாரம் அப்பாகிட்ட சொல்லிப் பாத்தேன். எனுக்கு பயமா இருக்குது, வேணாம்னு சொன்னேன். 'கையெழுத்துதான, போடு'ன்னுட்டாரு. நான் சொன்னா கேக்க மாட்டாருக்கா. அதான் உங்ககிட்ட அப்பிடிப் பேசுனேன். நீங்க வந்து சொல்லுங்க. இப்பதான் சந்தையிலருந்து வந்தாரு."

வெண்ணிலா அவளோடு திரும்பி நடந்தாள்.

ஷாலினியின் அப்பா விருத்தாசலம் காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். களைத்த முகம். யாரோ மகளின் சிநேகிதி என்று நினைத்துக்கொண்டு, மறுபடி பொத்தானைப் போட்டார். நாற்காலியை இழுத்தார்.

"வாம்மா. வெயில்ல வந்திருக்கிற. உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம்ங்க அய்யா" என்றாள் வெண்ணிலா. "நான் நின்னுக்கினே சொல்றேன். நீங்க உக்காந்து கேளுங்க. நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது."

அவர் மகளைப் பார்த்தார். வந்தவளைப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.